பூட்டு சீட் கவருக்கு அடியில் இருக்கிறது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோர் உடம்பும் நன்றாக இருக்கிறது, அங்கே நீ, மாப்பிள்ளை, என் பேத்தி முட்டைக்கண்ணி மூவரும் சுகமா என்று விசாரித்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும், ஆனால் இந்தத் தடவை அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை, அதனால் விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். உங்கள் காரின் பின் சீட்டில் பெல்ட் மாட்டுகிற பூட்டு இருக்கிறது. மாப்பிள்ளை சொல்வதுபோல் பழைய வண்டி என்று கழன்று விழவில்லை, முன்னால் வைத்திருந்தவன் பிடுங்கிக்கொண்டும் போகவில்லை. உன் அப்பா தைத்துப் போட்ட கவருக்கு அடியில் சுகமாகப் படுத்துக் கிடக்கிறது. அதை வெளியே எடுத்து, குழந்தை சீட்டை அதில் மாட்டி இறுக்கும்வரை அவளை அந்த வண்டியில் ஏற்றாதே. நேற்று போனில் மறுபடியும் இதையேதான் சொன்னேன், நீயும் "சரிம்மா சரிம்மா" என்றாய். ஒரு சரிம்மா என்றால் நீ கேட்டுக்கொண்டாய், இரண்டு என்றால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாய், உன்னைப் பெற்றவளுக்கு இது தெரியாதா. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், போனை வைப்பதுபோல் கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது பார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். எல்லாம் உன் அண்ணன் மகனால் வந்தது. உருண்டைக்குத் தடுப்பூசி போட அண்ணி நான் டோக்கன் கூப்பிடுகிற கிளினிக்குக்குத்தான் வந்தாள், வந்தவள் சும்மா இருக்காமல் டாக்டரம்மாவிடம், வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், ஒரே துள்ளல் என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். டாக்டரம்மாவுக்கு வந்ததே கோபம். "மடியில வச்சா வந்தீங்க? வண்டி சடார்னு நின்னா உங்க கையால அவனைப் பிடிச்சு நிறுத்த முடியும்னு நெனைக்கிறீங்களா? எந்த அம்மா கையாலயும் முடியாதுங்க" என்று ஒரு பிடி பிடித்தார். வெளியே டோக்கன் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கோபம் ஆறி, சீட் வாங்கும்போது கலரைப் பார்க்காதீர்கள், குழந்தையின் எடைக்கும் உயரத்துக்கும் எது என்று சீட்டிலேயே எழுதியிருப்பான் அதைப் பாருங்கள், வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியிலேயே வைத்துப் பொருத்திப் பாருங்கள், எல்லா சீட்டும் எல்லா வண்டிக்கும் உட்காராது என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்.

மறுநாளே அண்ணன், அண்ணி, நான், உருண்டை, எல்லோரும் கடைக்குக் கிளம்பினோம். சீட் விஷயத்தில் நான் இல்லாமலா என்று உன் அப்பாவும் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அண்ணன் வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார், மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர் மாதிரி. கடைக்காரப் பையன் வாய் ஓயாமல் பேசினான், பால் புட்டி வைக்க இடம் இருக்கிறது, துணியைக் கழற்றித் துவைக்கலாம், பொம்மை தொங்கவிடலாம் என்று. அண்ணி அதிலேயே பாதி மயங்கிவிட்டாள். நான் விடவில்லை, இவன் எடையைச் சொல்கிறேன், இந்தச் சீட் எதுவரை தாங்கும், பின்பக்கம் பார்த்து உட்கார வைக்கலாமா என்று டாக்டரம்மா கேட்கச் சொன்னதைக் கேட்டேன், பையன் அப்போதுதான் ஒட்டியிருந்த தாளைப் படிக்கவே ஆரம்பித்தான். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வண்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவோம் என்று வெளியே தூக்கி வரச் சொன்னோம். அப்பா பின் சீட்டில் ஒரு காலை மடித்து ஏறி, பெல்ட்டை இழுத்துக்கொண்டு பூட்டைத் தேடினார். இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார், இல்லை. சீட்டும் முதுகும் சேருகிற சந்தில் கையை விட்டால் கவர் ஒரே துணியாக இழுத்து மூடித் தைத்திருக்கிறது. அவருக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ, தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி, "எந்த மடையன்டா இதைத் தச்சான்? பூட்டை உள்ள தள்ளி மூடி வச்சிருக்கான், மண்டையில மூளை இருந்தா இப்படிச் செய்வானா?" என்று கத்தினார். உன் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே "நீங்கதாம்ப்பா" என்றான்.

கடைப் பையன் சட்டென்று வானத்தைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, உண்மையைச் சொன்னால் என்ன, அண்ணிக்கும் வந்தது, இருவரும் உருண்டையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பின் சீட்டு கல்யாணப் பாய் விரித்ததுபோல் வழுவழுவென்று இருக்க வேண்டும், பூட்டு வெளியே தெரிந்தால் பல் துருத்தின மாதிரி அசிங்கம் என்பதுதான் இவர் தொழிலில் எல்லோரும் செய்வது, வண்டிக்காரர்களும் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள், பின்னால் உட்காருகிறவர்கள் யார் பெல்ட் போட்டார்கள். அப்படித் தைக்கத் தெரிந்தவன்தான் நல்ல தையல்காரன் என்று பேர். அந்தப் பேரை இவர்தான் எல்லோரையும்விட அதிகமாக வாங்கி வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வருகிற வழியில் சிரிப்பு எனக்கு நின்றுபோனது. போன மாதம் நீ போனில் சொன்னது திடீரென்று காதில் விழுந்தது. "பெல்ட் தொங்குதும்மா, ஆனா மாட்டறதுக்குப் பூட்டே இல்ல, பரவால்ல, முன் சீட்டைப் பின்னாடி தள்ளி, பாப்பா சீட்டை நடுவுல செருகி வச்சிட்டோம், கல்லு மாதிரி நிக்குது, அசையவே இல்ல" என்றாய். நானும் அன்றைக்கு, கெட்டிக்காரி என் மகள் என்று பாராட்டினேனே. அசையவே இல்லை என்றாயே, நின்ற வண்டியில் எதுதான் அசையும். பேத்தியைத் தினமும் காலையில் குழந்தைகள் காப்பகத்துக்கு அந்த மேம்பாலத்து வழியாகத்தானே கொண்டு போகிறாய். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரு வேலை ஓடவில்லை. கிளினிக்கில் டோக்கனை மாற்றிக் கூப்பிட்டு இரண்டு பேரைச் சண்டை போட வைத்துவிட்டேன். இதோ இப்போதுகூடப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு எழுதுகிறேன், பொங்கி வழிகிற சத்தம் கேட்கிறது, இரு, அணைத்துவிட்டு வருகிறேன்.

பாதிப் பால் அடுப்புக்குப் போயிற்று, போகட்டும். உன் அப்பா கதையைக் கேள். கடையிலிருந்து வந்த அன்றே அண்ணன் வண்டிக் கவரைப் பிரித்துப் பூட்டை வெளியே எடுத்து விட்டார், அதுவரைக்கும் சரி. அதற்கப்புறம் மனிதர் வீடு தங்குவதில்லை. சாப்பிட்ட கை காய்வதற்குள் வெளியே போகிறார், தெருத் தெருவாக நிறுத்தியிருக்கிற கார்களின் பின் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்க்கிறார். தான் தைத்த கவர்களை எல்லாம் தேடிப் போய் "வாங்க, காசு வேண்டாம், பூட்டை வெளியே எடுத்துத் தர்றேன்" என்று கூப்பிடுகிறார் என்று முதலில் நினைத்தேன், அப்படிக் கூப்பிடவும்தான் செய்தார், சிலர் வந்தார்கள், சிலர் இவருக்கு வியாபாரம் படுத்துவிட்டது போலிருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் இவர் தைக்காத வண்டிகளிலும் எட்டிப் பார்க்கிறார். முந்தாநாள் வங்கிக்காரர் வீட்டு வாசலில் அவருடைய வண்டியை இரண்டு கையாலும் தழுவிக்கொண்டு நின்றாராம், வங்கிக்காரர் திருடன் என்று சட்டையைப் பிடித்துவிட்டாராம், அளவு நாடாவைப் பார்த்த பிறகுதான் விட்டாராம். மானம் கப்பலேறுகிறது. ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்பிவிடுகிறார். ஒரு கண்ணில் புரை மூடியிருக்கிறது, ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள், அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஊர்க் கார்களை எல்லாம் சோதனை போடுகிறார்.

உன் காரைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார். நேற்று நீ போனில் என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா. "அப்பா தச்ச கவர்மா அது, அதுல நான் எப்படிக் கத்தி வைப்பேன், அவரே வந்து பிரிக்கட்டும், அதுவரைக்கும் மெதுவா ஓட்டறோம்" என்றாய். நான் போனை அவர் கையில் கொடுத்தேன், "வெட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று சைகை காட்டினேன். அவர் என்ன சொன்னார், "கண்ணு சரியாகட்டும், நானே வந்து பாத்துக்கறேன்" என்றார். நீயும் "சரிப்பா" என்றாய். அப்பாவுக்கு மட்டும் ஒரே ஒரு சரி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆபரேஷன் ஆகி, கட்டுப் பிரித்து, பயணம் போகலாம் என்று கண் டாக்டர் சொல்லி, இவர் புறப்பட்டு வந்து சேர்வதற்குள் குழந்தை எத்தனை தடவை அந்த மேம்பாலம் ஏறி இறங்குவாள். நீ மெதுவாகத்தான் ஓட்டுவாய், உன் பின்னால் வருகிறவனும் மெதுவாக வருவான் என்று உனக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்.

எனக்குத் தெரியும்டி, அந்தக் கவர் உனக்கு என்ன என்று. நீ வேலைக்கு அவ்வளவு தூரம் போகிறாய் என்று முடிவானதும் அந்தப் பழைய வண்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன் உள்ளே பார்க்கச் சகிக்கவில்லை என்று அப்பா கடை வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டுத் தைத்தார். பச்சையும் வெண்மையும் நீ கேட்ட நிறம். ஓரப் பட்டி எங்கேயும் ஒரு நூல் பிசகாமல் ஓடும், அவர் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை என்று அவருக்கும் தெரியும் உனக்கும் தெரியும். நீ கிளம்பின அன்று அவர் சீட்டைத்தான் தடவிக்கொண்டு நின்றார். நீயும் அழாமல் போய் அதன் மேல் துண்டு விரித்து இன்றுவரை கறை படாமல் வைத்திருக்கிறாய். அப்பாவும் மகளும் ஒருவர் மனசை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று பார்க்கிறீர்கள், நடுவில் என் பேத்தி செருகி வைத்த சீட்டில் போய்க்கொண்டிருக்கிறாள். நீங்கள் இருவரும் இப்படியே மரியாதை பார்த்துக்கொண்டிருங்கள், நான் பொல்லாதவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நான் சொல்கிறேன், வெட்டு.

வெட்டுகிற இடம் தெரியாமல் வெட்டினால் பூட்டைப் பிடித்திருக்கிற பட்டையில் கத்தி பட்டுவிடும், பட்டால் அந்தப் பட்டை உதவாது, அது எனக்கே தெரியும். அதனால் ஒரு காரியம் செய்யப் போகிறேன். முன் அறையில் தையல் மெஷினுக்கு மேலே அப்பா ஒவ்வொரு வண்டிக்கும் காகிதத்தில் அளவு வெட்டி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார் அல்லவா, அதில் உங்கள் வண்டிக் காகிதத்தை அவர் இல்லாத நேரம் பார்த்து எடுத்து இந்தக் கடிதத்தோடு அனுப்பிவிடுகிறேன். இப்போது வெளியேதான் போயிருக்கிறார். இரு, வருகிறேன்.

ஆணியில் இல்லை. எல்லா வண்டிக் காகிதமும் இருக்கிறது, உங்களுடையது மட்டும் இல்லை. நான் எடுப்பேன் என்று தெரிந்து ஒளித்து வைத்துவிட்டார். மெஷின் டிராயர், துணிக் கட்டு, அலமாரி மேல்தட்டு எல்லாம் புரட்டிவிட்டேன். ஒரு துண்டு ரெக்ஸினுக்காக இந்த மனிதர் இப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. எழுத்து கோணலாகப் போவதைப் பார்த்து என் கோபத்தை நீயே தெரிந்துகொள். வரட்டும், இன்றைக்கு வீட்டில் சோறு கிடையாது.

அவர் வருவதற்குள் டாக்டரம்மாவிடம் நான் கேட்டு வந்ததையாவது எழுதிவிடுகிறேன், மனசு கொஞ்சம் வேலையில் இருக்கும். உன் கூட வேலை செய்கிறவள் கொடுத்த பழைய சீட் என்றாயே, அவளிடம் வெட்கப்படாமல் நேராகக் கேள், அது இருந்த வண்டி எங்கேயாவது மோதியதா என்று. மோதியிருந்தால், அல்லது அவளுக்கே தெரியாது என்றால், அந்தச் சீட் வேண்டாம், வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே விரிசல் விட்டிருக்கும். அடியில் எப்போது செய்தது, எதுவரை பயன்படுத்தலாம் என்று ஒட்டியிருப்பான், அதையும் பார். புதிது வாங்க வேண்டியிருந்தால் வாங்கு, குழந்தைக்குத் தங்கக் காப்பு போடுவதாகச் சொன்னாயே, காப்பு எங்கே ஓடிப்போகிறது. அடுத்தது, கால் மடங்கியிருக்கிறது பாவம், முன் பக்கம் பார்க்கத் திருப்பிவிடப் போகிறேன் என்றாய், திருப்பாதே. கால் மடங்கினால் அவளுக்கு ஒன்றும் இல்லை, வீட்டில் சம்மணம் போட்டுத்தானே உட்காருகிறாள். அந்தச் சீட் தாங்குகிற எடையும் உயரமும் முடியும்வரை வண்டியின் முன்பக்கத்துக்கு முதுகு காட்டியே உட்காரட்டும், வண்டி மோதினால் தலையையும் கழுத்தையும் அந்தச் சீட்டின் முதுகு தாங்கிக்கொள்ளும். முன் சீட்டில் வைக்கவே வைக்காதே, அங்கே ஏர்பேக் என்கிற காற்றுப் பை வெடித்து விரிந்தால் நேராக அவள் சீட்டில்தான் அடிக்கும்.

மாட்டும்போது முழங்காலைச் சீட்டில் வைத்து அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுத்து இறுக்கு. மாப்பிள்ளை மெலிந்தவர், நீ அழுத்து, அவர் இழுக்கட்டும். பெல்ட் நுழைகிற இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார், ஒரு விரல் அகலத்துக்கு மேல் நகரக் கூடாது. பெல்ட் எந்த வழியாக நுழைய வேண்டும், நுழைந்தபின் தளராமல் எப்படிப் பூட்ட வேண்டும் என்று சீட்டோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருப்பான், எனக்குத் தெரியும் என்று மாப்பிள்ளை சொன்னாலும் படத்தைப் பார்க்கச் சொல். குழந்தையின் தோள் பட்டை அவள் தோளுக்கு நேராக, இல்லை சற்றே கீழிருந்து வர வேண்டும், தோளருகே பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பார், மடிப்பு கையில் அகப்பட்டால் இன்னும் இறுக்கு. அங்கே குளிர் என்று பஞ்சுச் சட்டையைப் போட்டு அதன் மேல் பட்டையை மாட்டாதே, இறுகினது போலத்தான் தெரியும், பஞ்சு அமுங்கினால் பிள்ளை உருவிக்கொண்டு வந்துவிடுவாள். மெல்லிய சட்டையில் மாட்டிவிட்டு மேலே போர்த்து. முதுகுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று நான் தைத்து அனுப்பிய குட்டி மெத்தையையும் அதில் போடாதே, தொட்டிலிலும் வேண்டாம், பொம்மைக்குப் போடு. எல்லாம் செய்தபின் தெரிந்தவர் யாரிடமாவது காட்டு, அங்கே மருத்துவமனையில் கேட்டால் ஆள் சொல்வார்கள்.

அப்பா வந்துவிட்டார். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வாசலில் செருப்பு விடுகிற சத்தம் கேட்டதும் நான் எழுந்து போய், காகிதம் எங்கே என்று வாயைத் திறந்தேன். அது அவர் கக்கத்தில் சுருட்டியிருந்தது. சட்டை முதுகெல்லாம் வியர்வை, முழங்காலில் கிரீஸ். உங்கள் வண்டி மாதிரியே பழைய வண்டி ஒன்றைத் தேடித்தான் இத்தனை நாளும் தெருத் தெருவாக எட்டிப் பார்த்திருக்கிறார், இப்போது அந்த மாதிரி வண்டி ஓடுவதே அபூர்வமாம். இன்றைக்கு ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெயின்டரிடம் இருப்பதைக் கண்டுபிடித்து, அவர் காலில் விழாத குறையாகக் கேட்டு, பின் சீட்டில் காகிதத்தை விரித்துப் பூட்டு வருகிற இடத்தைக் கையால் தடவித் தடவி ஓட்டை போட்டுக் கொண்டு வந்திருக்கிறார். "என் ஞாபகத்தை நம்பி அவளை வெட்டச் சொல்ல முடியாதுல்ல, பட்டையில பட்டுட்டா?" என்றார். நான் சோறு போட்டேன்.

ஆகக் காகிதம் இதோடு வருகிறது. வெள்ளை ஓரப் பட்டியோடு காகிதத்தின் நேர் விளிம்பைச் சேர்த்து வை, சிவப்புக் கோடு போட்ட ஓட்டைகள் பூட்டுக்கு நேராக வரும். முதலில் கோட்டின் மேல் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மட்டும் பிரி, விரலை விட்டுக் கவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை வெட்டு, பூட்டு கையில் தட்டுப்படும். இது அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. இதோடு அனுப்பச் சொல்லி அவர் கட்டிக் கொடுத்த பொட்டலத்தில் என்ன வைத்திருக்கிறார் என்று நான் பிரித்துப் பார்த்துவிட்டேன், திட்டாதே. அவருடைய தையல் பிரிக்கிற கத்தி. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது பென்சில் சீவினாய் என்று ஒரு நாள் முழுக்க உன்னோடு பேசாமல் இருந்தாரே, அதே கத்திதான். நுனியில் கார்க் செருகி, என் பழைய தாவணித் துண்டில் சுற்றி வைத்திருக்கிறார். அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அழுதேன், அப்புறம் கூரியர்காரர் கடை மூடிவிடுவார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், போகிற இடமெல்லாம் பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்து, நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். முட்டைக்கண்ணியின் இரண்டு கண்ணிலும் என் முத்தம். சீட்டை மாட்டி முடித்ததும் படம் எடுத்து அனுப்பு, அவள் முகம் பிறகு, பூட்டு நன்றாகத் தெரிகிற மாதிரி முதலில் ஒன்று. அது வருகிறவரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

அப்பா எழுதுவது. நேற்று போனில் சொல்ல வாய் வரவில்லை. நான் வரும்வரை காத்திருக்காதே. கை நடுங்காமல் வெட்டு. அது துணிதான், இன்னொன்று தைத்துக்கொள்ளலாம்.